பொன்னும் புதனும் ஒரே மாலையில்

தங்கச்சி, போன கிழமை நீ ஃபோனில் கேட்டபோது அவசரத்தில் "வா, காட்டுகிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து கண்டக்குழி வரைக்கும் வந்து, கடற்கரையில் நின்று, ஒன்றும் பார்க்காமல் நீ திரும்பிப் போகக் கூடாது. அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதியே தருகிறேன். நான் அன்றைக்கு ஊரில் இல்லாவிட்டாலும் இதை வைத்துக்கொண்டு நீயே பிள்ளைகளுக்குப் புதனைக் காட்டலாம்.

முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். இந்த வருஷம் விபூதிப் புதன் பெப்ரவரி 18ஆம் திகதி வந்தது. மாலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு கோவிலில் இருந்து நேரே கடற்கரைக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னமே ஆட்கள். நோன்புப் பிறை பார்க்க வந்த முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், இழுத்துப் போட்டிருந்த வள்ளங்களின் மேல் ஏறி நின்றார்கள். சூரியன் இறங்கி இருபது நிமிஷம் இருக்கும். கடலுக்கு மேலே செம்மஞ்சள், அதற்கு மேலே வெளிறிய நீலம். அந்த இரண்டும் சேரும் இடத்தில், நகத்தை வெட்டிப் போட்டது போலப் பிறை. ஒரு பையன்தான் முதலில் கண்டான். எல்லோரும் பிறையைப் பார்த்துக்கொண்டிருக்க அவன் சொன்னான்: "பிறைக்கு மேல ஒரு வெள்ளி நிக்கிது."

கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். பிறையிலிருந்து அந்த மூன்று விரல் அகலம் மேலே, இலேசான மஞ்சளில் ஒரு சின்னப் பொட்டு. அதுதான் புதன். விபூதிப் புதன் அன்று, புதன்கிழமையில், புதன் கிரகம். தவக்காலம் தொடங்கின நாளும் நோன்புப் பிறை தேடின மாலையும் ஒன்றாக வந்தன. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றினது ஒன்றுதான்: நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

"பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது" என்று அம்மம்மா சொல்வாளே, ஞாபகம் இருக்கிறதா? புதன்கிழமை நல்ல காரியத்துக்கு உகந்தது, தவறவிடாதே என்பதற்குச் சொல்வாள். அதற்கு இன்னொரு பொருளும் சொல்வார்கள். வியாழன் கிரகத்துக்குப் பழைய தமிழில் பொன் என்று பெயர். வியாழனை எவரும் இலேசாகப் பார்த்துவிடலாம், புதன் கண்ணில் படுவது கடினம் என்று வானம் பார்க்கிறவர்கள் அந்தப் பழமொழிக்கு அர்த்தம் எடுப்பார்கள். எனக்கு அந்த அர்த்தம்தான் பிடித்திருக்கிறது. ஆனால் கண்டக்குழியில் இருந்துகொண்டு அதை அப்படியே ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

புதன் மற்ற நாடுகளில் ஏன் கடினம் என்றால், அது சூரியனை விட்டு விலகவே விலகாது. சூரியனுக்கு மிகக் கிட்டச் சுற்றுகிற கிரகம் அது, சராசரியாக 5 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில். நம் கண்ணுக்கு அது சூரியனுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கூடினால் 28 பாகை விலகும். சில முறை 18 பாகையோடு திரும்பிவிடும். உடப்பில் என்னோடு படித்த ஒருத்தி ஒருமுறை தன் வீட்டு ஜாதகங்களைக் காட்டினாள். எதை எடுத்தாலும் சூரியன் இருக்கிற கட்டத்தில், இல்லாவிட்டால் அடுத்த கட்டத்தில்தான் புதன் இருந்தது. ஒரு கட்டம் 30 பாகை, புதனால் 28 பாகைக்கு மேல் போக ஏலாது, அதனால்தான். சாத்திரத்தை நம்புகிறவர் நம்பாதவர் எல்லோருக்கும் அந்தக் கட்டம் சொல்வது வானத்தில் உள்ள உண்மை. நடுராத்திரியில் புதனைப் பார்த்தேன் என்று எவராவது சொன்னால் அது புதன் இல்லை.

இனி நம் ஊரின் கொடுப்பினை. நம் வளவில் நின்ற இரண்டு தென்னையை நினைத்துப் பார். ஒன்று நேராக நிற்கும், மற்றது கடல் பக்கம் நன்றாகச் சரிந்து கிடக்கும். இரண்டும் ஒரே நீளம்தான். ஆனால் நேராக நிற்பதன் உச்சி எங்கேயோ இருக்கும், சரிந்ததன் குலையை நாம் கையால் எட்டிப் பிடித்தோம். சூரியனில் இருந்து புதன் விலகி நிற்கும் தூரமும் அப்படித்தான். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகை அளவில் இருக்கிறது. இங்கே கிரகங்கள் நடக்கிற பாதை வருஷம் முழுக்க அடிவானத்தில் இருந்து கிட்டத்தட்டச் செங்குத்தாக எழும்பி நிற்கும். ஐரோப்பாவில் வருஷத்தில் பாதி நாள் அது படுத்துக் கிடக்கும். அங்கே 25 பாகை விலகினாலும் புதன் வீட்டுக் கூரைக்கும் பனிமூட்டத்துக்கும் உள்ளே அமுங்கிவிடும். சூரியனைப் பூமி சுற்றுகிறது என்று எழுதிய கோப்பர்நிக்கஸ், போலந்தில் தன் ஊர்ப் பக்கத்து விஸ்துலா ஆற்றின் மூட்டத்தைப் புதன் விஷயத்தில் குறை சொன்னவர். அவர் சாகும் வரைக்கும் புதனைப் பார்க்கவே இல்லை என்று ஒரு கதைகூட உண்டு. கதையை விடு, குறை உண்மை.

இன்னொன்றும் நமக்கு வாய்த்திருக்கிறது. கற்பிட்டிக் குடாநாடு ஒடுங்கலான நிலம். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. மாலைப் புதனுக்குக் கடல் அடிவானம், காலைப் புதனுக்குக் களப்பு அடிவானம். இரண்டுக்கும் நடுவில் ஓட்டோவில் கொஞ்ச நேரம். வெள்ளவத்தையில் உன் வீட்டு மாடியில் இருந்து உனக்கு மேற்கு மட்டும்தான் கிடைக்கும், அதிலும் பாதியை அடுத்த கட்டடம் மறைக்கும்.

சரி, மாலையில் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன்.

நேரத்துக்கு மணிக்கூட்டைப் பார்க்காதே, பாங்கைக் கேள். மஃரிப் பாங்கு சூரியன் மறையும்போது சொல்வார்கள். அதிலிருந்து 25 நிமிஷம் பொறு. அதற்கு முன்னே வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கும், கண் வீணாகக் களைத்துப்போகும். 25 நிமிஷத்தில் இருந்து 50 நிமிஷம் வரைக்கும்தான் நல்ல நேரம். இஷாப் பாங்கு சொல்லும்போது புதன் கடலுக்குள் போயிருக்கும், இல்லாவிட்டால் போகிற தறுவாயில் அடிவானத்துக் கலங்கலுக்குள் நிற்கும். ஆக இரண்டு பாங்குக்கும் நடுவில் உனக்குக் கிடைப்பது அரை மணித்தியாலம்கூட இல்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதை முன்னாலேயோ பின்னாலேயோ வைத்துக்கொள்.

பாங்குக்கு முன்னே செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. சூரியன் கடலில் எந்த இடத்தில் மறைகிறது என்பதைக் குறித்து வை. நீ நிற்கிற இடத்தில் இருந்து ஒரு வள்ளத்தின் அணியமோ, நட்டிருக்கும் ஒரு கம்போ அந்த இடத்துக்கு நேரே வரும்படி நின்றுகொள். சூரியன் போன பிறகு வானம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், எந்த இடம் என்று தடுமாறிப்போவாய். அந்தக் கம்புக்கு மேலே கண்ணை ஏற்று. பெப்ரவரியில் புதன் அதற்கு மேலே சற்று வலப்பக்கம் நிற்கும். ஜூனில் கிட்டத்தட்ட நேர் மேலே, கொஞ்சம் இடப்பக்கம். அக்டோபரில் நன்றாக இடப்பக்கம் தள்ளி.

அளவுக்குக் கை போதும். கையை முழங்கை மடியாமல் நீட்டிப் பிடி. முட்டி மடக்கினால் அகலம் 10 பாகை. நடு மூன்று விரல் சேர்த்தால் 5. சின்ன விரல் 1. பிள்ளைகளின் கை சின்னதுதான், ஆனால் கையின் நீளமும் அதற்கேற்பக் குறைவு என்பதால் அவர்களுக்கும் இதே கணக்கு ஏறக்குறையச் சரிவரும். பாங்கு சொல்லி அரை மணித்தியாலத்தில் புதன் கடலுக்கு மேலே ஒரு முட்டி உயரத்தில், நல்ல தவணை என்றால் ஒன்றரை முட்டியில் நிற்கும். அதற்கு மேலே தேடாதே, அதற்குக் கீழேயும் அதிகம் தேடாதே.

நிறத்தைப் பற்றி ஒன்று. தமிழ்நாட்டில் திருவெண்காடு புதனுக்கு உரிய தலம், அங்கே பச்சை வஸ்திரமும் பச்சைப்பயறும் படைப்பார்கள். அதைக் கேள்விப்பட்ட பிள்ளைகள் பச்சை வெளிச்சத்தைத் தேடுவார்கள். வானத்தில் புதன் பச்சை இல்லை. வெளிறிய மஞ்சள், கடலோடு கிட்ட இறங்கினால் செம்மஞ்சள். கிரகங்கள் மினுங்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். புதன் அவ்வளவு தாழ்வாக நிற்பதால் மினுங்கவும் செய்யும். மினுங்குகிறது என்பதற்காக அது புதன் இல்லை என்று விட்டுவிட வேண்டாம்.

என்னை முதல் தடவை ஏமாற்றினது ஒரு போட் வெளிச்சம். நாலு வருஷத்துக்கு முன்னே அதைப் புதன் என்று நம்பி அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் உண்மையான புதன் இன்னொரு பக்கத்தில் இறங்கிப் போய்விட்டது. அன்றைக்கு வந்த மனவருத்தத்தில் கண்டுபிடித்த சோதனை இது: ஒற்றைக் கண்ணை மூடி, அந்த வெளிச்சத்தை ஒரு கம்பின் உச்சியில் வைத்துப் பிடி. பத்து நிமிஷம் கழித்து அதே இடத்தில் நின்று பார். கிரகம் என்றால் இரண்டரை பாகை, அதாவது மூன்று விரலில் பாதி, கீழே இறங்கியிருக்கும். போட் என்றால் அதே உயரத்தில் இருக்கும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் போயிருக்கும். பிளேன் என்றால் இவ்வளவு நேரம் நிற்கவே நிற்காது.

இப்போது சொல்லப்போவதை மட்டும் பிள்ளைகளுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டு. சூரியன் முழுக்கக் கடலுக்குள் போகும் வரைக்கும் பைனாகுலர் பையை விட்டு வெளியே வரக் கூடாது. விளிம்பில் ஒரு கீற்று மிச்சம் இருந்தாலும் கூடாது. புதன் சூரியனுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தேடுகிற அவசரத்தில் கை சூரியன் பக்கம் திரும்பிவிடும். பைனாகுலர் வழியே ஒரு கணம் சூரியனைப் பார்த்தால் கண் பொசுங்கிப்போகும். அப்போது வலிக்காது, பிறகு பார்வை திரும்பி வராது. காலையில் இதையே மாற்றிச் செய்: சூரியன் எழும்புவதற்குக் கால் மணித்தியாலம் முன்னமே பைனாகுலரைப் பையில் போட்டுச் சிப்பை இழுத்துவிடு. காலையில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் சூரியன் சொல்லாமல் வரும்.

பைனாகுலர் கட்டாயம் இல்லை. வெறுங்கண்ணுக்குப் புதன் நன்றாகத் தெரியும். ஆனால் முதலில் கண்டுபிடிக்க அது பெரிய உதவி. பைனாகுலரில் பிடித்த பிறகு இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தால் "இவ்வளவு நேரம் இங்கேயா நின்றது?" என்று இருக்கும். வாங்குவதாக இருந்தால் பெட்டியில் இரண்டு எண் போட்டிருக்கும், 7ம் 50ம், அல்லது 10ம் 50ம் உள்ளதை வாங்கு. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். ஐம்பது மடங்கு, நூறு மடங்கு என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டு விற்கிற விளையாட்டுச் சாமான் வேண்டாம். கை நடுங்கும், ஒன்றும் பிடிபடாது. நல்ல பைனாகுலரிலும் புதன் ஒரு பொட்டாகத்தான் தெரியும். அது பிறை போலத் தேய்ந்து வளருவதைப் பார்க்க டெலஸ்கோப் வேண்டும்.

அந்தத் தேய்வு வளர்ச்சியை நீ கண்ணால் பார்க்காவிட்டாலும் அதன் பலன் உனக்குத் தேவை. மாலையில் வருகிற புதன், சூரியனை விட்டு அதிகம் விலகும் நாளுக்கு முன்னே பிரகாசமாக இருக்கும், அந்த நாளைத் தாண்டினால் கிடுகிடுவென்று மங்கிவிடும். நமக்கு அதன் ஒளி விழுந்த பக்கம் பிறையாகக் குறைந்து போவதுதான் காரணம். காலையில் வருகிற புதன் நேர்மாறு. முதலில் மங்கலாக வந்து, அந்த நாளுக்குப் பிறகு ஒளி ஏறிக்கொண்டே போகும். ஆகவே மாலைப் புதனை ஒரு கிழமை முந்திப் பார், காலைப் புதனை ஒரு கிழமை பிந்திப் பார். பல பேர் கலண்டரில் போட்ட திகதிக்கே போய் நிற்கிறார்கள், அதற்கு முன்னே இருந்த நல்ல நாட்களை விட்டுவிடுகிறார்கள்.

இனித் திகதிகள்.

முதலாவது இந்த ஜூன். 2026இல் எனக்கு மிகவும் ஆசை இந்தத் தவணையில்தான், ஏனென்றால் அம்மம்மாவின் பொன்னும் புதனும் ஒரே வானத்தில் நிற்கப் போகின்றன. ஜூன் 9 மாலை வியாழனும் வெள்ளியும் இரண்டு விரலுக்குள் அடங்குகிற அளவுக்குக் கிட்ட வந்து நிற்கும். அந்த இரண்டையும் கண் தெரியாதவர் தவிர எவரும் தவறவிட மாட்டார்கள். அவற்றில் இருந்து கடல் பக்கமாக ஒரு முட்டிக்குச் சற்று அதிகம் இறங்கினால் புதன். அது சூரியனை விட்டு 24 பாகைக்கு மேல் விலகுவது ஜூன் 15. அன்றைக்கு மூன்றும் ஏணி போல அடுக்காகிவிடும்: மேலே வெள்ளி, நடுவில் வியாழன், கீழே புதன். 16ஆம் திகதி இளம்பிறையும் புதன் பக்கம் வந்து சேரும், அடுத்த நாளே வெள்ளியை நோக்கி ஏறிவிடும். புதனுக்கு வலப்பக்கம் கொஞ்சம் மேலே இரண்டு நட்சத்திரங்கள் சோடியாக நிற்கும், மிதுன ராசியின் இரட்டையர் அவர்கள். புதன் அவர்களைவிடப் பிரகாசம், அந்த வித்தியாசத்தில் அடையாளம் கண்டுகொள்.

ஜூனில் ஒரு கஷ்டம் உண்டு, மறைக்க மாட்டேன். சோழகம் அடிக்கிற காலம். கடல் கொந்தளிக்கும், உப்புத் தூவல் எழும்பி அடிவானம் பால் கலந்தது போல இருக்கும். அலை விழும் இடத்தில் நிற்காமல் பின்னால் வாடிகளுக்குப் பக்கத்தில் உயரமான மணலில் நில். புதன் ஒன்றரை முட்டி உயரத்தில் இருக்கும்போதே பார்த்துவிடு, இறங்கட்டும் என்று காத்திருக்காதே. பைனாகுலர் கண்ணாடியில் உப்புப் படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்கவே தேய்க்காதே, உப்புப் பொடி கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் இலேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒத்தி எடு, அதற்குப் பிறகு உலர்ந்த துணி. நான் ஒரு தடவை முந்தானையால் துடைத்ததன் கோடு இன்னும் என் பைனாகுலரில் இருக்கிறது.

அடுத்தது ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை. தலவில் அன்னம்மாள் திருநாளை ஒட்டி நீங்கள் எல்லோரும் வருகிற காலம். அந்த அதிகாலைகளில் கூடாரத்துக்குள் படுத்துக் கிடக்காதே. கோவில் வளவில் மரங்கள் கிழக்கை மறைக்கும், அதனால் களப்புப் பக்கம் போக வேண்டும். சுபஹுப் பாங்கு கேட்டு இருபது நிமிஷத்தில் இருந்து, சூரியன் எழும்ப அரை மணித்தியாலம் இருக்கும் வரைக்கும் நேரம். ஐந்து மணியைத் தாண்டி ஐந்தரைக்குள் என்று வைத்துக்கொள். 2ஆம் திகதிக்குப் பிறகு வருகிற ஒரு கிழமையில் ஒளி கூடிக்கொண்டே போகும். களப்புத் தண்ணீர் காலையில் அசையாமல் கிடக்கும். காற்று எழும்புவதற்கு முன்னே அந்தப் பக்கத்து வானம் அவ்வளவு தெளிவு. நுளம்புக்கு மட்டும் ஏதாவது பூசிக்கொண்டு போங்கள். எனக்குக் கேட்டால், பிள்ளைகள் எழும்புவார்கள் என்றால் மாலையைவிடக் காலைப் புதன்தான் நல்லது. தூக்கக் கலக்கத்தில் களப்புக் கரையில் நின்று பார்த்தது அவர்களுக்கு வயதானாலும் மறக்காது.

அக்டோபர் 12 மாலை புதன் 25 பாகை விலகும். இத்தாலியில் இருக்கும் தம்பிக்கும் சொன்னேன், ஆனால் அவனுக்கு அது கிடைக்காது. அந்த மாதத்து மாலைகளில் அங்கே பாதை சரிந்து கிடக்கும், சூரியன் மறையும்போதே புதன் அடிவானத்தை ஒட்டி நிற்கும். இங்கே நமக்கு அதே மாலையில் சூரியன் மறையும் நேரத்தில் இரண்டு முட்டி உயரத்தில் நிற்கும். சரிந்த தென்னை, நேர்த் தென்னைக் கணக்குத்தான். அதைவிடப் பன்மடங்கு பிரகாசமாக வெள்ளி இன்னும் கீழே நிற்கும், அதைப் புதன் என்று நினைத்துவிடாதே. மழை தொடங்குகிற காலம் என்பதால் முகில் இல்லாத எந்த மாலையையும் விடாதே.

நவம்பர் 20 அதிகாலையும் உண்டு. மழைக்காலத்தின் நடு, அதனால் நிச்சயம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதம்தான், 2018 அக்டோபரில் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பின பெப்பிகொலம்போ விண்கலம் புதனைச் சுற்றும் பாதைக்குள் நுழைய இருக்கிறது. எட்டு வருஷப் பயணம். விடிவெள்ளி உயரத்தில் பளீரென்று நிற்கும், அதற்குக் கீழே ஒன்றரை முட்டிக்கு மேல் இறங்கிப் பார். அந்தப் பொட்டுக்குப் போய்ச் சேர்கிற கலத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்ட இதைவிட நல்ல நேரம் வராது.

எல்லாவற்றிலும் நம்பிக்கையானது 2027 பெப்ரவரி 3 மாலை. அதற்கு முந்தின ஒரு கிழமை இன்னும் நல்லது. பெப்ரவரியில் நம் பக்கம் மழை இல்லை, கடல் அமைதி, வானம் துடைத்தது போல இருக்கும். வெள்ளி அப்போது காலை வானத்தில் என்பதால், மாலையில் மேற்கே தாழ்வாக நிற்கும் பிரகாசமான பொட்டு புதன் மட்டும்தான். 6ஆம் திகதி அமாவாசை, அதை ஒட்டி நோன்புப் பிறை தேடுகிற மாலைகளும் வரும். அன்றைக்குக் கடற்கரையில் பிறை பார்க்கிற பெரியவர்கள் யாராவது நின்றால் அவர்கள் பக்கத்தில் போய் நில். மங்கிக்கொண்டிருக்கிற வெளிச்சத்துக்குள்ளே ஒரு கீற்றைக் கண்டுபிடிக்கிற பழக்கம் அவர்களுக்குக் கைவந்தது. எங்கே பார்க்க வேண்டும், எவ்வளவு பொறுக்க வேண்டும், கண்ணை எப்போது மூடி ஆறவிட வேண்டும் என்பதெல்லாம் நான் அவர்களைப் பார்த்துத்தான் படித்தேன்.

ஃபோனில் படம் எடுக்க ஆசைப்படுவார்கள். கையில் பிடித்து எடுத்தால் வராது. ஃபோனை வள்ளத்தின் விளிம்பில் சாய்த்து வைத்து, மூன்று செக்கன் டைமர் போட்டு, நைட் மோடில் எடுக்கச் சொல். கீழே வள்ளமோ தென்னையோ கொஞ்சம் தெரியும்படி எடுத்தால்தான் அந்தப் பொட்டுக்கு ஓர் அளவு வரும். முகில் மறைத்த நாளில் எங்கே நிற்கும் என்று பார்க்க ஸ்டெல்லாரியம் என்ற ஆப் நல்லது, இடத்தைக் கற்பிட்டி என்று வைத்துக்கொள். ஆனால் தேடுகிற அந்த அரை மணித்தியாலத்தில் ஃபோன் வெளிச்சம் கண்ணில் படவே கூடாது.

காத்திருக்கிற நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல விஷயம் வேண்டுமே. புதன் 88 நாளில் சூரியனைச் சுற்றி முடித்துவிடும். உன் மூத்தவனுக்கு எட்டு வயது, புதன் கணக்கில் அவனுக்கு முப்பத்து மூன்று. ஆனால் அங்கே ஒரு விடியலில் இருந்து அடுத்த விடியலுக்கு 176 நாள், அதாவது இரண்டு வருஷம் முடிந்தால்தான் ஒரு நாள் முடியும். பகலில் 430 பாகை செல்சியஸ் வெக்கை, இரவில் சுழியத்துக்குக் கீழே 180. அந்த வெக்கைக்கு நடுவிலும் துருவப் பக்கத்துக் குழிகள் சிலவற்றுக்குள் சூரிய வெளிச்சம் ஒருபோதும் விழாது, அங்கே பனிக்கட்டி இருக்கிறது. 2011இல் இருந்து 2015 வரைக்கும் புதனைச் சுற்றின மெசஞ்சர் விண்கலம் அதை உறுதிப்படுத்தியது. புதனில் உள்ள குழிகளுக்குக் கலைஞர்களின் பெயர்தான் வைப்பார்கள். காளிதாசர் பெயரில் ஒன்று, வால்மீகி பெயரில் ஒன்று, திருவையாற்றுத் தியாகராஜர் பெயரில் நூறு கிலோமீட்டர் அளவு அகலத்தில் ஒன்று. சின்னவள் சங்கீதம் படிக்கிறாள் அல்லவா, அவளுக்கு அதைச் சொல். கண்டக்குழியில் இருந்து புத்தளம் போய்த் திரும்பி வருகிற தூரத்தையும் அந்தக் குழிக்குள் அடக்கிவிடலாம்.

இன்னும் ஒரு திகதியைச் சுவர்க் கலண்டரில் இல்லாவிட்டாலும் மனதில் குறித்து வை: 2032 நவம்பர் 13, சனிக்கிழமை. அன்றைக்குப் புதன் சூரியனுக்குக் குறுக்கே கறுப்புப் புள்ளியாக நடந்து போகும். நம் நேரத்துக்குப் பகல் 12 மணி தாண்டித் தொடங்கி மாலை நாலரை வரைக்கும், முழுவதும் இலங்கையில் இருந்து தெரியும். 2016 மே 9இல் நடந்தபோது சூரியன் மறைவதற்கு முன்னே பாதிக்கும் குறைவுதான் நமக்குக் கிடைத்தது. 2019இல் நடந்தபோது இங்கே இரவாகிவிட்டது. 1651இல் ஜெரமி ஷேக்கர்லி என்ற ஆங்கிலேயர் இதே காட்சியை, கப்பலேறி வந்து சேர்ந்த இந்தியாவின் சூரத்தில் இருந்து பார்த்தார். நமக்கு வீட்டு முற்றத்துக்கே வருகிறது. ஆனால் சூரியனைப் பார்க்கிற கிரகணக் கண்ணாடி மட்டும் இதற்குப் போதாது, புள்ளி அவ்வளவு சின்னது, சூரியனின் அகலத்தில் இருநூறில் ஒரு பங்கு மாதிரி. சூரிய வடிகட்டி போட்ட டெலஸ்கோப் வேண்டும், இல்லாவிட்டால் டெலஸ்கோப்பில் இருந்து வெள்ளைத்தாளில் விழவைத்துப் பார்க்க வேண்டும். மூத்தவன் அப்போது ஓ.எல். படிக்கிற வயதுக்குக் கிட்ட வந்திருப்பான். அவன் பள்ளிக்கூடத்தில் வானியல் கழகம் இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து வை, இல்லாவிட்டால் தொடங்கச் சொல்லு.

ஜூனுக்கு வருவோம். 13ஆம் திகதி சனிக்கிழமை காலையில் கொழும்பில் இருந்து வெளிக்கிட்டால் பின்னேரத்துக்கு முன்னே வந்துவிடுவீர்கள். 13, 14 இரண்டு மாலை கையில் இருக்கும், ஒன்றை முகில் எடுத்துக்கொண்டாலும் மற்றது மிஞ்சும். முடிந்தால் லீவு போட்டு 16 வரைக்கும் நில், பிறையோடு பார்க்கலாம். பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை எடுத்து வா, சோழகம் மணலை அள்ளி அடிக்கும். டோர்ச்சுக்குக் கட்ட சிவப்புப் பொலித்தீன் என்னிடம் இருக்கிறது. ஆறு மணிக்கு வாடிப் பக்கம் வந்துவிடு. பிளேன்டீயும் பைனாகுலரும் நான் கொண்டு வருகிறேன், பாங்கு சொல்லி முடியும் வரைக்கும் பை திறக்க மாட்டேன்.